வீட்டு வளவில் நிற்கும் பெருமரம்: கிளை கழிப்பது எப்படி, யாரைக் கொண்டு

ஏப்ரல் பிறந்துவிட்டால் அலோனிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரே பேச்சுத்தான். மழைக்கு முன்னால் மரத்தை என்ன செய்வது? யங்கோனின் மேற்கு ஓரத்தில், ஆற்றை ஒட்டி இருக்கும் அலோன் பகுதியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய வீடு உண்டு. கீழே செங்கல், மேலே பலகை, அதற்கு மேல் தகரம். வீட்டின் தென்மேற்கு மூலையில் ஒரு தூங்குமூஞ்சி மரம், பின்பக்கம் ஒரு மா, இரண்டு தென்னை. அம்மாவும் அண்ணன் குடும்பமும் அங்கேதான் இருக்கிறார்கள். 2021க்குப் பிறகு நாங்கள் வெளியேறி வந்துவிட்டோம். திரும்பிப் போய் அண்ணாந்து பார்க்க வழியில்லை. ஆனாலும் தீர்மானம் எங்களிடம்தான் கேட்கப்படுகிறது, கூலி எங்களிடமிருந்து போவதால்.

இந்தப் பக்கத்தை வாசிக்கும் பல குடும்பங்களுக்கும் இதே நிலைதான் இருக்கும் என்று நினைக்கிறோம். ஊரில் ஒரு வீடு, அதில் ஒரு மரம், அதன் கீழே வயதான ஓர் உயிர். இன்னொரு பக்கம், வந்த நாட்டில் வங்கிக் கடனோடு வாங்கிய வீட்டின் பின்வளவில் முன்னவர்கள் நட்ட மேப்பிளோ ஓக்கோ நிற்கிறது. அதை வெட்டலாமா, கழிக்கலாமா, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது. நாங்கள் படித்தது வணிகவியல், செய்த தொழில் கணக்கு. மரத்தைப் பற்றிப் படிக்க வைத்தது பயம்தான். படித்ததையும் பட்டதையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நர்கிஸ் இரவு

2008 மே 2ஆம் தேதி இரவு நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவைத் தாண்டி யங்கோனுக்குள் வந்தது. டெல்டாவில் நடந்தது பேரழிவு. நாடு முழுவதும் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாகக் கணக்கு 138,000ஐத் தாண்டியது. யங்கோன் நகரத்தில் உயிரிழப்பு அதோடு ஒப்பிட்டால் குறைவு. அங்கே விழுந்தவை மரங்கள். ஆங்கிலேயர் காலத்தில் தெருவோரம் நட்ட பெருமரங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. விடிந்தபோது தெரு எது வீடு எது என்று தெரியவில்லை. பிக்குகளும் தெருவாசிகளும் கையில் கிடைத்த தா கத்தியும் வாளும் கொண்டு வழியை வெட்டித் திறந்தார்கள். மின்சாரம் வர வாரக்கணக்கானது.

எங்கள் தூங்குமூஞ்சி விழவில்லை. ஆனால் உடைந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், "உயரம் அதிகம், பயமாக இருக்கிறது" என்று சொல்லி ஒரு கூலிக் குழுவைக் கொண்டு அதன் தலையை மொட்டையடித்திருந்தோம். தடித்த கிளைகளைப் பாதியில் வெட்டிக் குற்றிகளாக நிறுத்தினார்கள். அடுத்த மழையில் குற்றிகளின் விளிம்பிலிருந்து துளிர்கள் கூட்டமாகக் கிளம்பின. மூன்றே ஆண்டில் கைப்பருமன், பழையபடி உயரம். "பார், மரம் எப்படித் தேறிவிட்டது!" என்று அப்பா சந்தோஷப்பட்டார். நர்கிஸ் இரவில் அந்தத் துளிர்கள்தாம் ஒவ்வொன்றாகப் பிய்ந்து வந்தன. ஒன்று சமையலறைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. அப்பா படுத்திருந்த கட்டிலுக்கு ஆறு அடி தள்ளி.

எதிர் வரிசையில் இருந்த இன்னொரு மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. போய்ப் பார்த்தோம். வேர்த்தட்டின் ஒரு பக்கம் சீவினாற்போல நேராக இருந்தது. சில காலம் முன்பு சாக்கடை தோண்டியபோது அந்தப் பக்க வேர்களை வெட்டியிருந்தார்கள். மேலே எவ்வளவு அழகாகக் கிளை கழித்தாலும் கீழே கால் இல்லாத மரம் நிற்காது. கிளை கழிப்பதைப் பற்றி எழுதுகிற கட்டுரையில் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது: வளவுக்குள் குழாய், சாக்கடை, மதில் எதற்காகத் தோண்டினாலும் அடிமரத்தை நெருங்காதீர்கள்.

மரம் காயத்தை ஆற்றுவதில்லை

நம் தோல் கிழிந்தால் புதுத் தோல் வளர்ந்து பழைய இடத்தை நிரப்பும். மரத்துக்கு அது முடியாது. வெட்டுப்பட்ட திசுவை மரம் மாற்றுவதில்லை. அதைச் சுற்றி வேதிப்பொருளால் தடுப்புக் கட்டி, அழுகல் பரவாமல் உள்ளேயே அடைத்து வைக்கிறது. பிறகு வெளிப்புறத்தில் புது மரத்தை வளர்த்து வாயை மூடுகிறது. உள்ளே அந்தக் காயம் மரத்தின் ஆயுள் முழுவதும் இருக்கும். இதை விளக்கியவர் அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ (1930-2006). ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி வாளால் நெடுக்குவாட்டில் பிளந்து, வெட்டின் பின்னால் அழுகல் எப்படி நகர்கிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தவர். அவருக்கு முன்பு, கிளையை அடிமரத்தோடு ஒட்டச் சீவுவதும் வெட்டில் தார் பூசுவதுமே நல்ல வேலை என்று நம்பப்பட்டது. இரண்டுமே கெடுதல் என்று அவர் காட்டினார்.

கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். அடிப்பக்கம் லேசாகப் புடைத்து ஒரு கழுத்துப் போல இருக்கும். மேல்பக்கக் கவட்டில் பட்டை சுருங்கி ஒரு வரம்பாக ஓடும். மரத்தின் காப்பு இருப்பது அந்தக் கழுத்தில். வெட்டு அதற்குச் சற்று வெளியே, வரம்பைத் தொடாமல் விழ வேண்டும். உள்ளே போய்ச் சீவினால் காப்பையே வெட்டி எறிகிறோம். வெளியே ஒரு முழம் குற்றி விட்டால் அந்தக் குற்றி செத்து, அழுகலுக்கு ஏணியாகிறது. சரியாக வெட்டிய இடத்தில் ஓரிரு ஆண்டில் வட்டமாக, வடை போல, விளிம்பு திரண்டு வரும். பிறை வடிவில் இரண்டு பக்கம் மட்டும் திரண்டு, மேலும் கீழும் திறந்திருந்தால் வெட்டு தவறு. பழைய வெட்டுகளைப் பார்த்தே முன்பு வேலை செய்தவரின் தரத்தைச் சொல்லிவிடலாம். தணிக்கை செய்வதுபோலத்தான்.

வெட்டில் பெயின்ட், தார், சாணி, சிமெந்து எதுவும் பூச வேண்டாம். ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பதைத் தவிர அவை ஒன்றும் செய்வதில்லை.

பர்மாத் தேக்கின் கதை தெரிந்தவர்களுக்கு மரத்தின் உடலமைப்பு எளிதில் புரியும். பச்சைத் தேக்கு தண்ணீரில் அமிழும். ஆற்றில் மிதக்கவிட வேண்டுமானால் நிற்கும்போதே காய வேண்டும். அதற்காக அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதன் உள்ளிருக்கும் வெளிர்மரத்தையும் வளையமாக வெட்டி, இரண்டு மூன்று ஆண்டு நிற்கவிடுவார்கள். நீரோட்டம் அறுந்து மரம் நின்றபடியே சாகும். 1856இல் பெகு தேக்குக் காடுகளைப் பொறுப்பேற்ற டீட்ரிக் பிராண்டிஸ் காலத்துக்கும் முந்தைய பழக்கம் இது. பட்டையை மட்டும் வளையமாக உரித்தாலும் போதும், வேருக்குச் சாப்பாடு போகாமல் மரம் மெல்லச் சாகும். அடிமரத்தில் துணி காயப்போடும் கம்பியைச் சுற்றிக் கட்டி அப்படியே விட்டுவிடுகிற வீட்டில் நடப்பதும் அதுவே. மரம் பருக்கப் பருக்கக் கம்பி உள்ளே இறங்கி அறுக்கிறது. ஊரில் இருப்பவர்களிடம் முதல் வேலையாக அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

என்னென்ன வேலை

முதிர்ந்த மரத்தில் செய்யத் தகுந்த வேலைகள் சிலவே. முதலாவது, செத்த, ஒடிந்த, நோய்ப்பட்ட கிளைகளை எடுப்பது. இதனால் மரத்துக்கு நட்டமே இல்லை. பணம் குறைவாக இருந்தால் இதை மட்டும் செய்தால்கூடப் பாதி ஆபத்து போய்விடும். கூரையையும் வழியையும் உரசும் தாழ்ந்த கிளைகளை எடுப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் கைத்தேர்ச்சி தேவைப்படுவது: நீண்டு போன கிளையின் நுனிப் பாரத்தைக் குறைப்பது.

தூங்குமூஞ்சி மரம் தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. பர்மியர்கள் அதைத் "தின்போ கொக்கோ" என்பார்கள், கப்பலில் வந்த வாகை என்று பொருள். உயரத்தைவிட அகலம் அதிகமாகக் குடை விரிக்கிற மரம். கிளைகள் படுக்கையாக வெகுதூரம் ஓடும், இலை முழுவதும் நுனியில் இருக்கும். நீண்ட கம்பின் நுனியில் வாளியைத் தொங்கவிட்டது போல. மழையில் நனைந்தால் பாரம் இன்னும் கூடும். அதனால் அந்தக் கிளையை அடியில் வெட்டாமல், நுனியிலிருந்து சில அடி பின்வாங்கி, வெளிநோக்கி வளரும் ஒரு பக்கக்கிளையில் கொண்டுபோய் முடிப்பார்கள். அந்தப் பக்கக்கிளை, வெட்டப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் அது தலைமையை ஏற்கும். அதைவிட மெலிந்ததில் முடித்தால் மொட்டையடித்ததற்குச் சமம்.

நுனியைத் தொடாமல் உள்பக்கச் சிறுகிளைகளை எல்லாம் சுத்தமாக வழித்தெடுப்பதைப் பலர் "நல்ல வேலை" என்று நினைக்கிறார்கள். பார்க்கத் துப்புரவாக இருக்கும். உண்மையில் கிளை சிங்கத்தின் வால் போலாகி, பாரம் முழுவதும் நுனிக்குப் போகிறது. காற்றில் ஒடிய இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை.

எவ்வளவு எடுக்கலாம்? ஓர் ஆண்டில் உயிருள்ள இலைத்திரளில் கால் பங்குக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்காவில் நெடுநாள் இருந்த அளவு. முதிர்ந்த மரத்துக்கு அதைவிடக் குறைவாக எடுப்பதே நல்லது. இலைதான் மரத்தின் வருமானம். கிளையிலும் தண்டிலும் சேர்த்து வைத்திருப்பது முதல். வருமானத்தைக் குறைத்துவிட்டு முதலையும் வெட்டி எடுத்தால் எந்தக் கடையும் தாங்காது. கூடுமானவரை 10 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட வெட்டுகளைத் தவிர்க்க வேண்டும். பெரிய வாய் மூட ஆண்டுகள் பல ஆகும், சிலபோது மூடுவதே இல்லை.

தடித்த கிளையை ஒரே வெட்டில் எடுக்கவும் கூடாது. முதலில் கழுத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கீழிருந்து மேலாகக் கொஞ்சம் அறுக்க வேண்டும். அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை ஒடிந்து விழும், பட்டை அடிமரம் வரை கிழிந்து வராது. பிறகு மிச்சமுள்ள குற்றியைக் கழுத்துக்கு வெளியே நிதானமாக எடுக்கலாம். கூரைக்கு மேலிருக்கும் கிளையானால் கயிறு கட்டி இறக்க வேண்டும்.

கதியாலும் பெருமரமும் ஒன்றல்ல

எங்கள் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருக்கிறார். மொட்டையடிக்கக் கூடாது என்று நாங்கள் சொன்னபோது சிரித்தார். "தம்பி, நாங்கள் வருசா வருசம் பூவரசையும் கிளுவையையும் முள்முருக்கையும் மொட்டையாத்தான் வெட்டினனாங்கள். குழை தோட்டத்துக்குப் போகும், கதியால் வேலிக்குப் போகும். ஒரு மரமும் சாகேல்லையே" என்றார். நியாயமான கேள்வி. பதில் தேட எங்களுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

வேலி மரத்தை இளசிலிருந்தே வெட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில், சிறு பருமனில் வெட்டுகிறோம். அந்த இடத்தில் மரம் ஒரு முடிச்சைக் கட்டிக்கொண்டு அதிலிருந்து துளிர்க்கப் பழகிவிடுகிறது. துளிரும் கனக்கு முன்னரே வெட்டப்பட்டுவிடும். ஐரோப்பாவில் லண்டன் பிளேன் மரங்களைத் தெருவில் இப்படி வளர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுபது ஆண்டு தன் போக்கில் வளர்ந்த மரத்தின் தொடைப்பருமன் கிளையைத் திடீரென்று நடுவில் அறுப்பது வேறு வேலை. வாய் மூடாது, குற்றி அழுகும், அழுகிய குற்றியின் தோலிலிருந்து கிளம்பிய துளிர் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு கனத்துப் போகும். எங்கள் சமையலறைக்கு வந்தது அதுதான். அண்ணர் கேட்டுவிட்டு, "அப்ப வெட்டத் தொடங்கினால் வெட்டிக்கொண்டே இருக்க வேணும்" என்றார். அதைவிடச் சுருக்கமாக எங்களால் சொல்ல முடியாது.

தென்னைக்கும் பனைக்கும் கணக்கே வேறு. அவற்றுக்குப் பருக்கிற படை இல்லை, காயம் ஒருநாளும் மூடாது. காய்ந்த மட்டை, பாளை, முற்றிய காய் இவற்றை மட்டும் எடுக்க வேண்டும். "புயலுக்கு முன் சுத்தம் செய்கிறோம்" என்று பச்சை மட்டைகளைச் சீவி மேலே ஒரு குஞ்சம் மட்டும் விடுவது மரத்தைப் பட்டினி போடுவது. கிடைமட்டத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் மட்டையைத் தொடக் கூடாது.

எப்போது

யங்கோனில் மழை மே நடுவில் தொடங்கி அக்டோபர் வரை கொட்டும். வேலைக்கு நல்ல காலம் மழை விட்டபின் வரும் உலர்காலம். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. செத்த கிளையைக் கண்டுபிடிக்க மரம் இலையோடு இருக்க வேண்டும், ஏனென்றால் உலர்காலக் கடைசியில் தூங்குமூஞ்சி இலை கொட்டிவிட்டால் செத்ததும் உயிருள்ளதும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே நவம்பரில் பார்த்துக் குறித்து, ஜனவரியில் வெட்டச் சொல்கிறோம். ஏப்ரலில் அவசரமாக ஆள் தேடினால் எல்லோரும் தேடுகிறார்கள், கூலியும் ஏறிவிடும். மா மரத்தைக் காய் பறித்தபின் கழிப்பது வழக்கம். அதன் பால் தோலில் பட்டால் சிலருக்குக் கொப்பளிக்கும், கையுறை தேவை.

கனடா போன்ற குளிர்நாடுகளில் பெரும்பாலான மரங்களுக்கு, இலை இல்லாத பிற்குளிர்காலமே நல்ல நேரம். மேப்பிளில் அப்போது சாறு வடியும், பயப்பட வேண்டாம். ஓக் மட்டும் கவனம். ஓக் வாடல் நோய் 2023இல் ஒன்ராரியோவில் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டது. புது வெட்டின் மணத்துக்கு வரும் வண்டுகள் அதைப் பரப்பும் என்பதால் ஏப்ரலிலிருந்து இலையுதிர்காலம் முடியும்வரை ஓக்கில் வாள் வைக்கக் கூடாது.

அனுமதி

நம்மவர்கள் அதிகம் பணம் இழப்பது இந்த இடத்தில். "என் காணி, என் மரம்" என்ற நினைப்பு வந்த நாடுகளில் செல்லாது. டொராண்டோவில் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் 30 செ.மீ. விட்டமோ அதற்கு மேலோ உள்ள தனியார் மரத்தை அழிக்கவும் காயப்படுத்தவும் நகரின் அனுமதி வேண்டும். முறைப்படி கிளை கழிப்பதும் செத்ததை எடுப்பதும் வேறு, மொட்டையடிப்பது காயப்படுத்தல். வீட்டு முன்னால் நடைபாதை ஓரம் நிற்கும் மரம் பெரும்பாலும் நகருக்குச் சொந்தம், அதில் ஒரு கிளையைக்கூடத் தொடாமல் 311க்கு அழையுங்கள், அவர்களே வந்து பார்ப்பார்கள்.

இங்கிலாந்தில் சில மரங்கள்மீது பாதுகாப்பு ஆணை இருக்கும். பாதுகாப்புப் பகுதிக்குள் வீடு இருந்தால், 1.5 மீட்டர் உயரத்தில் 7.5 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட மரத்தில் வேலை செய்ய ஆறு வாரம் முன்பே உள்ளூராட்சிக்கு அறிவிக்க வேண்டும். அயலவர் மரத்தின் கிளை உங்கள் பக்கம் நீண்டால் எல்லைவரை கழிக்கலாம், ஆனால் கழித்த கிளை அவருக்குச் சொந்தம், மேற்சொன்ன ஆணையும் உங்களைக் கட்டுப்படுத்தும். ஜெர்மனியில் வேலிகளையும் புதர்களையும் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை அடியோடு வெட்டக் கூடாது. மரங்களுக்கு ஊருக்கு ஊர் தனி விதி. சிங்கப்பூரில் மரப் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியின்றி வெட்ட முடியாது.

சிங்கப்பூரைச் சொன்னதால் ஒன்று. மரப் பராமரிப்பில் அவர்கள் அளவுக்குச் செலவும் கவனமும் எடுப்பவர்கள் ஆசியாவில் குறைவு. அங்கேயே 2017 பிப்ரவரி 11ஆம் தேதி தாவரவியல் பூங்காவில் 270 ஆண்டுக்கு மேற்பட்ட தெம்புசு மரம் ஒன்று வேரோடு சாய்ந்து ஒரு பெண் இறந்தார். வேலை முடிந்ததும் "இனி ஆபத்தே இல்லை" என்று எழுதிக் கொடுப்பவரை நம்ப வேண்டாம். நல்ல வல்லுநர் "குறைத்திருக்கிறோம்" என்றுதான் சொல்வார்.

யாரைக் கொண்டு

வட அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கதவைத் தட்டி, "இந்த வழியாகப் போனோம், உங்கள் மரம் ஆபத்தாக இருக்கிறது, இன்றே என்றால் பாதி விலை" என்று வருபவர்களை அனுப்பிவிடுங்கள். 1924இல் தொடங்கிய பன்னாட்டு மரவளர்ப்புக் கழகம் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது, சான்று உண்மையா என்று அதன் இணையத்தளத்தில் பார்க்கலாம். காப்புறுதிப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறர் சொத்துக்கு வரும் சேதத்துக்கு ஒன்று, வேலையாட்களுக்கு ஒன்று, இரண்டும் வேண்டும். பத்திரத்தின் தேதியையும் பாருங்கள். காலாவதியான பத்திரத்தோடு ஒருவர் எங்களிடமே வந்தார்.

ஆளை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். "வெட்டில் என்ன பூசுவீர்கள்?" என்பது ஒன்று. "ஏறுவதற்கு ஆணிக்காலணி போடுவீர்களா?" என்பது மற்றது. வெட்டி வீழ்த்தும் மரத்தில் ஆணிக்காலணி சரி. உயிரோடு இருக்க வேண்டிய மரத்தில் ஒவ்வொரு அடியும் ஒரு துளை. கயிற்றிலும் இடுப்புப்பட்டையிலும் ஏறுபவரே இந்த வேலைக்கு உரியவர்.

அலோனில் எங்களுக்குக் கிடைத்தவர்கள் கயிறும் தாவும் ஒரு சங்கிலி வாளும் வைத்திருக்கும் மரமேறிகள். திறமைக்குக் குறைவில்லை. இடர் வேறிடத்தில் இருந்தது. இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கு மற்றவர் சம்மதித்தார், "விறகு எங்களுக்கு" என்ற நிபந்தனையோடு. மின்வெட்டால் யங்கோனில் விறகுக்கும் கரிக்கும் நல்ல கிராக்கி. கூலி விறகாகக் கிடைத்தால் வாள் எங்கே போகும்? தடித்த கிளைக்குத்தான். செத்த சுள்ளியில் அவருக்கு ஒன்றுமில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, ஒப்பந்தம் அப்படி இருந்தால் யார் செய்தாலும் அப்படித்தான் முடியும். கூலி தனி, விறகு தனி என்று பிரித்து, விறகை வீட்டுக்கே என்று வைத்தபிறகு முதலாமவரிடமே வேலையைக் கொடுத்தோம்.

விலைச் சீட்டில் "மரம் கழித்தல்" என்று ஒற்றை வரி இருந்தால் ஏற்காதீர்கள். எந்தக் கிளை, எந்த இடத்தில் வெட்டு, கயிற்றில் இறக்குவதா போடுவதா, குப்பையை யார் அகற்றுவது, தகரம் உடைந்தால் யார் பொறுப்பு, பணம் எப்போது என்பதெல்லாம் தனித்தனியே வேண்டும். நாங்கள் செய்த முறை இது: அண்ணன் மகன் ஒவ்வொரு கிளையையும் கீழிருந்து படம் எடுத்து அனுப்பினான். நாங்கள் படத்தில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினோம். மரமேறி முதல் முறை ஏறியபோது கோடு இருந்த இடங்களில் சிவப்புத் துணி கட்டினார். அவர் இரண்டு இடங்களில் எங்கள் கோட்டை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கிளையில் கீழிருந்து தெரியாத பொந்து இருந்தது. துணியை அவர் சொன்ன இடத்துக்கு மாற்றினோம்.

மின்கம்பி அருகே போகும் கிளையை வீட்டார் தொடவே கூடாது. மின்வெட்டு நேரத்தில் கம்பி செத்திருக்கும் என்று நம்பி ஏறுவது ஊரில் சாதாரணம். அயலில் யாராவது ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் அது ஓடும்போது அதே கம்பியில் மின்சாரம் திரும்பி வரும். மின்துறையைக் கூப்பிட்டு, கம்பியைத் துண்டித்ததை அவர்கள் கையாலேயே உறுதிசெய்த பிறகு ஏறட்டும். இதற்காக எங்கள் வேலை பதினோரு நாள் தள்ளிப்போனது. போகட்டும் என்று விட்டோம்.

ஜனவரியில் இரண்டு நாள் வேலை. மரத்தில் நாட் தெய்வம் குடியிருக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை, அதனால் ஏறுமுன் அம்மா தேங்காயும் வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்தார். "சயா" என்று அண்ணன் மரியாதையாக அழைக்கும் அந்த மரமேறி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுத்தான் கயிற்றை எறிந்தார். இரண்டாம் நாள் மதியம் அவருடைய ஆட்களில் ஒருவர், கூரைக்கு மேலே போகும் பெரிய கவட்டையே எடுத்துவிட்டால் தொல்லை தீருமே என்று கேட்டிருக்கிறார். அண்ணன் தொலைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டார். எங்கள் நேரத்துக்கு அப்போது பின்னிரவு. அரைத் தூக்கத்தில், பர்மிய மொழியில், "துணி கட்டிய இடம் மட்டும்" என்று சொன்னோம். சயா மேலிருந்து சிரித்தது கேட்டது.

பழைய மொட்டைக் குற்றிகளை ஒரே முறையில் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு குற்றியிலும் கூட்டமாக நிற்கும் துளிர்களில் நன்றாக ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சில ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். இந்த ஆண்டு மூன்று குற்றி முடிந்திருக்கிறது, இன்னும் நான்கு இருக்கிறது. அடுத்த பார்வை நவம்பர் முதல் வாரம். அண்ணன் மகன் படம் எடுக்க வேண்டிய இடங்களைத் தரையில் சுண்ணாம்பால் குறித்து வைத்திருக்கிறான், ஒவ்வோராண்டும் அதே கோணத்தில் எடுத்தால்தான் மரம் சாய்கிறதா என்று ஒப்பிட முடியும். விறகு சமையலறைச் சுவரோரம் அடுக்கியிருக்கிறது. அம்மாவின் கணக்கில் அது தீபாவளி வரை வரும்.